இடது ஐந்தாம் கால்

நாத்தனார் காரியத்தைக் கெடுத்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். ஊசியக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் மூன்று வாரமாக அந்த வேலையைத் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தாள்.

"நீயே உன் கையால பண்ணிடு பாப்பா. நான் வேணா பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தாள். முன்னே மாதிரி கண் தெரியவில்லை என்று ஒரு பொய்கூடச் சொன்னாள். பாப்பா விடுகிற ஆளா? "என் கையைப் பாருங்க அண்ணி" என்று இரண்டு கையையும் நீட்டினாள். விரல்கள் நிஜமாகவே நடுங்கின. "இதை வெச்சுக்கிட்டு நான் எதைப் பிரிக்கிறது? உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

இப்படிக் கேட்டால் யார்தான் என்ன செய்ய முடியும்?

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தொன்று. ஊசியக்காவின் புருஷனுக்கு ஒரே தங்கை. வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, உரிக்க முடியவில்லை. கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்கிற கூடத்தில் ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். அதே கூடத்தில் ஊசியக்கா உதவியாளர். ஆய்வாளர்கள் கொண்டுவருகிற பிராணிகளை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, கால் வேறு கொம்பு வேறாகப் பிரித்து, ஸ்லைடு என்கிற கண்ணாடி வில்லையில் பதித்து, படமும் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அதற்கான ஊசிகளை டங்ஸ்டன் கம்பியில் அவளே தீட்டிக்கொள்வாள். முனை கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஏறினால்தான் தெரியும். ஊசியக்கா என்று பெயர் வந்தது அதனால்தான். அவளுடைய வாய்க்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்று கூடத்தில் சிலர் சொல்வதுண்டு.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஊசியக்காவும் இதே கூடத்தில் முனைவர் பட்டத்துக்குத்தான் சேர்ந்திருந்தாள். கல்யாணமான மறு வருஷம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாசம் படுக்கை. பாப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. படிப்பை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. விட்டுவிடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. மாமியார் எழுந்து நடந்தபோது ஊசியக்காவின் இடத்தில் வேறு ஒருவர் சேர்ந்திருந்தார். உதவியாளர் வேலைதான் மிச்சம் இருந்தது.

இதெல்லாம் பழைய கதை, ஆறிப்போன கதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? போன வருஷம் ஒருநாள், பாப்பா மூன்றாம் முறையாகக் கால அவகாசம் வாங்கி வந்தபோது, அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, "நானா இருந்தா மூணு வருஷத்துல முடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் அதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடி வழியாக அன்றிலிருந்து மருமகளை அவர் பார்க்கிற பார்வையே வேறு.

சரி, அந்தப் பிராணிக்கு வருவோம். துடுப்புக்காலி என்று பெயர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். பெயர்தான் அழகு, பார்த்தால் குருணை அரிசிக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கும். மேல் கடலில் வாழ்கிற துடுப்புக்காலிகளுக்குப் பஞ்சமே கிடையாது, ஒரு வாளி தண்ணீர் முகந்தால் நூறு வரும். பாப்பாவுடையது அந்த ரகம் இல்லை. மூவாயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் வாயைத் திறந்து, இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டரில் மூடிக்கொண்ட வலையில் வந்தது. அந்த வலையை இறக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. கப்பலில் இருந்த பத்தொன்பது நாளும் பாப்பா வாந்தி எடுத்தாள். வாந்திக்கு நடுவில் ஒரு கோப்பை சேறும் உடைந்த சிவப்பு இறால்களுமாக வந்ததைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்தி வந்தாள். அந்த ஆழத்தில் வெளிச்சம் என்ற பேச்சே இல்லை. தண்ணீர் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. மேலே செத்தது எது மெல்ல உதிர்ந்து வருகிறதோ அதுதான் தீனி. கண் இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் அந்தப் பிராணிக்குக் கண்ணும் இல்லை. உடம்பைவிட நீளமான இரண்டு உணர்கொம்புகளில் மெல்லிய மயிர்கள், அவற்றால் வாசனை பிடித்துத்தான் பிழைப்பு.

அந்தக் கோப்பையில் பதினோரு பெண்கள் கிடைத்தன. ஒரே ஒரு ஆண்.

பெண்கள் பதினோரு பேரும் ஒரே அச்சு. அது மட்டுமா, வேறொரு கடலில் எப்போதோ பிடித்துப் பெயர் வைத்துவிட்ட ஒரு பழைய இனத்துப் பெண்களும் அதே அச்சுத்தான். உடம்பின் பின்மூலை பழையதில் உருண்டை, பாப்பாவுடையதில் சற்றே கூர். அதை மட்டும் வைத்துக்கொண்டு புது இனம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் ஆளை அடையாளம் காட்டுவது ஆணின் இடது ஐந்தாம் கால்தான். ஆணுக்கு வளர்ந்தபின் வாய் ஒழுங்காக வேலை செய்யாது. தின்பதில்லை. பெண்ணைத் தேடிப் பிடித்து, வலது காலால் பற்றிக்கொண்டு, இடது காலால் விந்துப் பையைக் கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டியது, அதோடு கதை முடிந்தது. அந்த இடது காலின் கடைசிக் கணுவில், நுனியில், பழைய இனத்துக்கு இரண்டு முட்கள். பாப்பாவின் ஆணுக்கு மூன்று இருந்தால் அது புதிய இனம். பட்டத்துக்கான ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அதுதான். இரண்டு இருந்தால் அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லாவிட்டால் ஏழு வருஷம் இல்லை, ஏனென்றால் மற்ற இரண்டு அத்தியாயங்களும் வெறும் பட்டியல் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். மாசம் ஒருநாள் கையெழுத்துப் போட மட்டும் வருகிற மனிதர், கூடத்தில் அவருக்குப் பெயரே கையெழுத்து. அவர்கூட இதைக் கவனித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு கொடுக்க இன்னும் பதினோரு நாள். இனிமேல் அவகாசம் கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது. அந்தக் கால் பிராணியின் வயிற்றுக்கு அடியில் மற்றக் கால்களுக்கு நடுவே மடங்கிக் கிடந்தது. பிரிக்காமல் நுனியைப் பார்க்க வழியே இல்லை.

அன்று காலை எட்டரைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவில் 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டினார்கள். பெருமூச்சு விட்டால் பறந்துவிடுகிற சாமான் அது. பாப்பா முந்தின நாளே ஆணை நீலச் சாயத்தில் ஊறப் போட்டிருந்தாள். ஊசியக்கா கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, அதில் அவனைக் கிடத்தினாள். பக்கத்தில் இன்னும் ஆறு வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, எது எந்தக் காலுக்கு என்று பென்சிலில் எழுதிய சீட்டு. இடது கையடியில் நான்காக மடித்த மெல்லிய துடைதாள். ஒவ்வொரு தடவை ஊசி நகர்ந்ததும் முனையை அந்தத் தாளில் ஒரு தீற்றுத் தீற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிளிசரின் கெட்டியாகி முனையில் கட்டிக்கொள்ளும். அந்தத் தீற்றல் ஊசியக்காவுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவள் அதை யோசித்துச் செய்வதில்லை.

வாலை முதலில் பிரித்தாள். பத்து மணிக்கு உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தாள். பத்தரைக்கு ஐந்தாம் கால் ஜோடியின் அடியில் ஊசி நுழைந்தது. பாப்பா பக்கத்து முக்காலியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நடுங்குகிற கை மேஜையைத் தொட்டுவிடக் கூடாதே என்று.

"வருதா அண்ணி?"

"பேசாதே."

ஜோடி கழன்று வந்தது. கிளிசரினில் ஒரு முறை புரண்டது. இடது கால் நீண்டு, மடிப்பு விரிந்து, ஒரு கணம் நுனி மேலே பார்த்து நின்றது. பிரிக்கிற நுண்ணோக்கி ஐம்பது மடங்குதான் பெரிதாக்கும். ஆனாலும் நுனியில் முட்கள் நீலமாக நின்றது தெரிந்தது. ஊசியக்காவுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது, அதை அடக்க முடியவில்லை.

"பாப்பா, முழுசா வந்துடுச்சு. முள்ளு நல்லாத் தெரியுது" என்றாள்.

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஊசியக்கா எண்ணவில்லை. ஏன் எண்ண வேண்டும்? எண்ணுவது பெரிய நுண்ணோக்கியில், நானூறு மடங்கில். படம் பிடிப்பதும் அங்கேதான். இங்கே பிரிப்பது, அங்கே எண்ணுவது. இரண்டையும் கலந்தால் கை தடுமாறும் என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஜோடியை ஊசி முனையில் ஏந்தி அடுத்த வில்லைக்குக் கொண்டுபோனாள். சொட்டில் இறக்கினாள். கால் இறங்கியது தெரிந்தது. முனையைத் தாளில் தீற்றினாள். அடுத்த வேலைக்குத் திரும்பினாள்.

அரை மணி நேரம் கழித்து, நான்காவது காலும் மூன்றாவது காலும் பிரிந்தபின், ஐந்தாம் கால் சொட்டை ஒரு முறை பார்த்தாள். வலது கால் இருந்தது. அதன் அடியில், இடது கால் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், கிழிந்த ஓரம் இருந்தது.

சொட்டை மேலும் கீழும் பார்த்தாள். வில்லையின் ஓரம் பார்த்தாள். பழைய சொட்டைப் பார்த்தாள். கண் தானாகப் போய் இடது கையடியில் நின்றது. தாளில் சின்னச் சின்ன ஈரத் தீற்றல்கள், முப்பது நாற்பது இருக்கும். அதில் ஒன்றில்தான் தன் நாத்தனாருடைய ஏழு வருஷத்தைத் துடைத்துப் போட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"பாப்பா" என்றாள். "இடது காலு ஊசியிலேயே ஒட்டியிருந்திருக்கு. நான் தெரியாம தொடைச்சுட்டேன்."

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். "எங்க தொடைச்சீங்க?" என்று கேட்டாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை. "எதையும் அசைக்காதீங்க" என்றாள், அவ்வளவுதான். மூக்கு நுனி மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்கிறவர்கள் இரண்டு பைத்தியங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தாளை விரல் நகத்தளவு துண்டுகளாக வெட்டினார்கள். துண்டுக்கு ஒரு கண்ணாடித் தட்டு, தட்டில் தண்ணீரும் கொஞ்சம் கிளிசரினும். தாள் மெல்ல ஊறி நார் நாராகப் பிரிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு நாரும் கால் மாதிரிதான் இருந்தது. நாருக்குச் சாயம் ஏறாது, காலுக்கு ஏறியிருக்கும், நீலமாக எது தெரிகிறதோ அதைத் தேடு என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் ஊசியில் ஒட்டிவந்த சாயம் தாளிலும் அங்கங்கே ஏறித் தொலைத்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஒரு நுண்ணோக்கியில் அண்ணி, இன்னொன்றில் நாத்தனார். மின்விசிறி இல்லாமல் வேர்வை கழுத்தில் இறங்கியது. வேர்வை தட்டில் விழுந்துவிடுமோ என்று அதையும் துடைக்கப் பயம்.

தேடிக்கொண்டே இருக்கும்போது மனது சும்மா இருக்குமா? வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஊசியக்காவுக்கு வரிசையாக ஓடியது. மாமியார் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "அவளும் மனுஷிதானே, ஆதங்கம் இருக்காதா" என்று யாரிடமாவது பரிவாகச் சொல்வார். திட்டை வாங்கிக்கொள்ளலாம், பரிவை எங்கே போய்த் துப்புவது? இத்தனை வருஷத்தில் நாலாயிரம் பிராணியைப் பிரித்திருக்கிறாள். ஒரு கால், ஒரு மயிர் தொலைந்ததில்லை. தொலைந்தது இது ஒன்றுதான். இதை எவளிடம் சொன்னாலும், "அதெப்படி, இது மட்டும்?" என்றுதான் கேட்பாள். அவள் தன்னையே அப்படி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். நிஜமாகவே வேண்டுமென்று செய்யவில்லையே? கைக்குத் தனியாக ஒரு மனசு இருந்து அது செய்திருக்குமோ? சீ, என்ன நினைப்பு இது என்று தலையை உதறிக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

மதியம் கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை. சாப்பாட்டு டப்பா மூலையில் திறக்காமல் கிடந்தது.

மூன்றரை மணிக்குப் பாப்பாதான் கண்டுபிடித்தாள்.

"அண்ணி." அந்த ஒரு சொல்லில் அவள் குரல் எங்கேயோ ஏறி எங்கேயோ இறங்கியது. "இங்க வாங்க. இது நார் இல்ல."

நார் இல்லைதான். நீலமாக, மூட்டு மூட்டாக, ஒரு பக்கம் கிழிந்த அடியோடு கிடந்தது. ஊசியக்கா அதைப் பார்த்ததும் பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாப்பா அந்தக் கையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஊசியக்கா கல்யாணமாகி வந்த புதிதில், ஜுரம் வந்தால் அந்தப் பெண் இப்படித்தான் செய்வாள். நாலு மணி நேரத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் முழு மூச்சு விட்டார்கள்.

மெதுவாக நாரை விலக்கி, சொட்டில் ஏற்றி, பெரிய நுண்ணோக்கியில் வைத்தார்கள். அடிக்கணு இருந்தது. இரண்டாம் கணு இருந்தது. அதன் மேல் மூலையில் ஒரு சின்ன மயிர்கூட இருந்தது. மூன்றாம் கணு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தீற்றியபோது உடைந்திருக்க வேண்டும்.

மறுபடி தேடினார்கள். தேடியது கடமைக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கால் என்றால் அரை மில்லிமீட்டராவது இருக்கும். கடைசிக் கணு அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஊறிய நார்க் குவியலில் அதை எங்கே என்று தேடுவது? ஐந்தரை மணிக்குப் பாப்பா தட்டைத் தள்ளி வைத்தாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"விட்டுடுங்க அண்ணி" என்றாள்.

ஊசியக்கா என்ன சொல்வாள்? மன்னிச்சுடு என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது, ஐந்தாம் தடவை வரவில்லை. இன்னொரு கப்பல் போனால், என்று ஆரம்பித்தாள். பாப்பா அவளைப் பார்த்த பார்வையில் அதையும் விட்டுவிட்டாள். அந்தக் கப்பலைப் போன வருஷமே கரையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். போனாலும்தான் என்ன, மூவாயிரம் மீட்டர் இருட்டில் இன்னொரு ஆண் பதினோரு நாளில் வந்து வலையில் விழுவானா? சும்மா இருக்க முடியாமல் வரைகிற தாளை எடுத்தாள். கையில் இருக்கிறதையாவது வரைந்து வைப்போம் என்று அடிக்கணுவை வரைந்தாள், இரண்டாம் கணுவை வரைந்தாள். உடைந்த இடத்துக்கு வந்து பென்சில் நின்றது.

பாப்பா முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

"எதை?"

"நுனியை. முழுசா வந்துடுச்சு, முள்ளு நல்லாத் தெரியுதுன்னு சொன்னீங்களே. காலையில."

"பாத்தேன். எண்ணலை."

"எண்ண வேண்டாம். பாத்தது ஞாபகம் இருக்குமில்ல? ஒரு தடவை பாத்தா உங்களுக்கு எதுவும் மறக்காது. கூடத்துல எல்லாருக்கும் அது தெரியும்." பாப்பா பென்சிலைத் தொட்டாள். "வரைஞ்சுடுங்க அண்ணி. வரைஞ்சப்புறம் உடைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன். எத்தனையோ பேருக்கு உடையுது. நீங்க வரைஞ்ச படத்தை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள். ஊசியக்கா கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கிளிசரின் தெரிந்தது. கால் புரண்டது தெரிந்தது. நுனி மேலே பார்த்து நின்றது. நீல முட்கள். மூன்று. மூன்றேதான், நடுவில் இருந்தது கொஞ்சம் குட்டை. அவளுக்கு ஒரு கணம் உயிரே வந்தது. வாயைத் திறந்தாள். திறக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. இந்த நடு முள் காலையில் இருந்ததா, இல்லை பாப்பா கேட்டபிறகு முளைத்ததா? மறுபடி கண்ணை மூடினாள். இப்போது இரண்டு தெரிந்தது. இன்னொரு தடவை மூடினாள். மூன்று. எத்தனை வேண்டும் என்று மனது கேட்கிறதோ அத்தனை கண் காட்டுகிறது.

மூன்று என்று வரைந்துவிட்டால் இன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது. பாப்பாவுக்குப் பட்டம். வீட்டில் நிம்மதி. தான் பார்த்துக் கொடுத்ததால் வந்தது என்று தனக்கும் ஒரு பெயர். என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருத்தன் அதே ஆழத்தில் வலை போட்டு, அதே இனத்து ஆணைப் பிடித்து, இரண்டு முள் என்று எழுதினால்? உலகத்தில் இல்லாத ஒரு இனம் பாப்பாவின் பெயரோடு புத்தகத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். அதையும் நான்தான் பண்ணியிருப்பேன் என்று நினைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தப் பெண்ணைக் கெடுக்கிறவள் தானாகவே இருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

"பாப்பா, எனக்கு நிஜமாவே தெரியலைம்மா" என்றாள். "மூணுன்னு நெனச்சா மூணு தெரியுது. ரெண்டுன்னு நெனச்சா ரெண்டு தெரியுது. பாக்காததை நான் எப்படி வரையறது?"

"பாத்தேன்னு சொன்னீங்க."

"பாத்தேன்தான்."

"அப்ப?"

"தெரியலை."

பாப்பா அவள் முகத்தையே பார்த்தாள். ஆறு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேடியபோது இல்லாத ஏதோ ஒன்று அந்தக் கண்ணில் மெல்ல வந்து உட்கார்ந்தது. அது கோபமாக இருந்திருந்தால் ஊசியக்கா பிழைத்திருப்பாள்.

"தெரியலையா அண்ணி," என்றாள் பாப்பா, "இல்ல, சொல்ல மனசு வரலையா?"

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? தெரியாதவளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். மறைக்கிறவளும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். சத்தியம் பண்ணலாம் என்றால், மறைக்கிறவளும் சத்தியம் பண்ணுவாள்.

"அன்னிக்கு அடுப்படியில சொன்னீங்களாம். அம்மா சொன்னாங்க. நான் நம்பலை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாப்பா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் புருஷன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு, சட்டையில் எப்போதும் கிரீஸ் வாசனை. அதிகம் பேசாத மனுஷன். படிப்பை விட்ட அந்த வருஷம் வீடே வாயை மூடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்று, "உனக்கு வருத்தமா இருக்கா?" என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஊசியக்கா அந்த வீட்டில் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். அவனிடம் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வான் என்று படி இறங்கும்போதே மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தாள்.

பாப்பா முந்திப் போய் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊசியக்கா பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என்னாச்சு பாப்பா? புதுசுதானா?" என்று கேட்டான் அவன்.

"அண்ணிக்குத் தெரியும் அண்ணா" என்றாள் பாப்பா, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "காலையில பாத்தாங்க. இப்பச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவன் கை சாவியிலேயே நின்றது. திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் சொல்வதற்கு எல்லாம் வைத்திருந்தாள். அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அவன் கேட்கவில்லை. முன்னால் திரும்பி வண்டியைக் கிளப்பினான்.